கண்ணில்லாத வாத்துச் சட்டை

போன வருஷம் ஆயுத பூஜை லீவில் உடுமலைக்குப் பக்கம் திருமூர்த்திமலை அருவிக்குப் போனோம். நான், மனைவி, ஆறு வயது மகள், மச்சினன். திருப்பூர் ராயபுரத்தில் லைன் வீட்டில் இருக்கிறோம். பனியன் கம்பெனியில் துணி செக்கிங் என் வேலை. மெஷினில் துணி ஓடும். ஓட்டை, எண்ணெய்க் கறை, அறுந்த நூல் இருந்தால் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அதுதான். அந்த வேலைக்குப் பேச்சு தேவையில்லை. எனக்கும் அது சௌகரியம்.

பூஜைக்குக் கம்பெனியில் பொரி சுண்டலோடு ஆளுக்கு நாலு டீசர்ட் கொடுத்தார்கள். வெளிநாடு போக வேண்டிய சரக்கு. கண் கூசுகிற ஆரஞ்சு. நெஞ்சில் ஒரு வாத்து. பிரிண்டிங்கில் வாத்துக்குக் கண் விழவில்லை. வாங்குகிறவன் வேண்டாம் என்றுவிட்டான். மற்றபடி நல்ல துணி.

நாலு பேரும் அதையே போட்டுக்கொண்டு போவோம் என்று சொன்னது நான்தான். கூட்டத்தில் யாரும் தொலைய மாட்டோம் என்பது என் கணக்கு.

"நல்ல நாளும் அதுவுமா குருட்டு வாத்தப் போட்டுட்டுப் போறதாக்கும்?" என்றாள் மனைவி. பிறகு அவளும் போட்டாள்.

அதே சட்டையைக் கம்பெனியில் எல்லாருக்கும் கொடுத்தார்கள். அன்றைக்கு எல்லாருக்கும் லீவு. இந்த இரண்டையும் நான் சேர்த்து யோசிக்கவில்லை.

கோயிலில் இருந்து அருவிக்கு நடை. கஷ்டமே இல்லை. பாறையும் படியும் மரநிழலுமாக இருக்கும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டும் போகிறார்கள். வழியெல்லாம் குரங்கு. மச்சினன் கையில் இருந்த பொரிப் பையை ஒன்று பிடுங்கிக்கொண்டது. அவன் அதை மரியாதையாக "குடுத்துருங்க, குடுத்துருங்க" என்று கேட்டான். குரங்கு கொடுக்கவில்லை.

அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். மகள் அம்மாவோடு போனாள். நான் குளித்து, தலை துவட்டி, சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன். மச்சினன் தண்ணீரை விட்டு வருவதாக இல்லை.

அந்தப் பக்கத்தில் இருந்து மனைவி சத்தம் போட்டாள். "ஏனுங்க, புள்ளைய அனுப்பறன். கூட்டிட்டு முன்னால போங்க. நான் துணி மாத்திட்டு அவனையும் இழுத்துட்டு வரேன்."

சரி என்று கையைக் காட்டினேன். சற்று நேரத்தில் கூட்டத்துக்குள் இருந்து ஒரு ஆரஞ்சு சட்டை வந்தது. முழங்கால் வரை தொங்கியது. தலையில் துண்டைப் போட்டு முகம் வரை மூடியிருந்தது. நேராக வந்து என் கையைப் பிடித்தது. நடந்தோம்.

கீழே இறங்க இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷமும் நான் பேசியது இரண்டு வார்த்தை. "பார்த்து நட." அதுவும் பார்த்து நடந்தது. என் மகள் சும்மா வரமாட்டாள். தொணதொணவென்று பேசுவாள். இன்னொரு தடவை குளிக்க வேண்டும் என்று கேட்டு, அம்மா விடவில்லை போல, அந்தக் கோபம் என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தது.

கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்தார். ஒன்று வாங்கி நீட்டினேன். பிள்ளை துண்டை விலக்கியது.

என் மகள் இல்லை.

நான் அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. அதற்கும் அப்போதுதான் தெரிந்தது. சட்டையைப் பார்த்துத்தான் அதுவும் கையைப் பிடித்திருக்கிறது.

"உன் பேரென்ன கண்ணு? அப்பா எங்க?"

அது இந்தியில் என்னவோ சொன்னது. எனக்குத் தெரிந்த இந்தி கம்பெனி இந்தி. ஜல்தி என்றால் சீக்கிரம். நூல் தீர்ந்துபோனால் 'தாகா கத்தம்' என்பார்கள். அப்பாவுக்கு பாபா என்று கேட்டிருக்கிறேன். அப்பா இல்லையா என்று கேட்பதற்காக, "பாபா கத்தம்?" என்றேன்.

பிள்ளை கத்திய கத்தில் குரங்கெல்லாம் மரம் ஏறிவிட்டது. அப்பா தீர்ந்துபோனார் என்று நான் சொன்னதாகப் பிறகுதான் தெரிந்தது.

கூட்டம் கூடியது. ஒரு ஆள் போனில் படம் எடுத்தான். சோளக்கார அம்மா எழுந்து வந்தார்.

"ஏனுங்க, இது யாரு புள்ளைங்க?"

"என் புள்ளைன்னுதான் கூட்டிட்டு வந்தேனுங்க."

"இப்ப?"

"இப்ப இல்லீங்க."

"அப்ப உங்க புள்ள?"

வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். மேலே பாறை. தண்ணீர். சுற்றிலும் காடு. மனைவிக்குப் போன் போட்டேன். என் தோளில் இருந்த பையிலேயே அது அடித்தது.

மேலே ஓடலாம் என்று பிள்ளையைத் தூக்கினேன். படம் எடுத்தவன் குறுக்கே நின்றான். "புள்ளைய இறக்கி உடுய்யா. போலீஸ் வரட்டும்."

சோளக்கார அம்மாதான் அவனைத் தள்ளிவிட்டார். "புள்ள புடிக்கறவன் புள்ளைக்கு ஜோடியா இப்படி அடிக்கற கலர்ல சட்டை போட்டுட்டா வருவான்? உடு சாமி, மனுசன் மூஞ்சியப் பாரு."

அதற்குள் மனைவியும் மச்சினனும் இறங்கி வந்தார்கள். மனைவி தூரத்தில் இருந்தே பார்த்துவிட்டாள்.

"இது யாருங்க?"

"தெரியல."

"நம்ம புள்ள?"

"தெரியல."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஊசி ஓட்டையக் கண்டுபுடிப்பீங்களே. முழுப் புள்ள மாறுனது தெரியலையா?" என்று கேட்டு அழுதாள். மச்சினன், "வாத்துக்கும் கண்ணில்ல, மாமாவுக்கும் கண்ணில்ல" என்று சொல்லிவிட்டு மேலே ஓடினான்.

பத்துப் படி போயிருப்பான். நின்றுவிட்டான்.

மேலே இருந்து ஒரு ஆரஞ்சு சட்டை இறங்கி வந்தது. அதன் தோள் மேல் இன்னொரு ஆரஞ்சு சட்டை உட்கார்ந்திருந்தது. என் மகள். அவள் கையைக் காட்டிக்காட்டி என்னவோ சொல்ல, அந்த ஆள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். குரங்கு மாதிரி ஒரு சத்தம் போட்டார். அவள் சிரித்தாள்.

கீழே வந்ததும் முதலில் என் மகளை இறக்கினார். அவள் கையை எடுத்து என் கையில் வைத்தார். அதற்குப் பிறகுதான் தன் பிள்ளை பக்கம் திரும்பினார். அதைக் கட்டிக்கொண்டு மண்டி போட்டவரால் எழ முடியவில்லை. அவர் முதுகு குலுங்கியது. மேலே அவருடைய மனைவி ஒவ்வொரு பாறையாகத் தேடிக்கொண்டிருந்தார் என்று அப்புறம் தெரிந்தது. இவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டு என் பிள்ளைக்குக் குரங்குக் கூத்துக் காட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

பிள்ளை அவர் காதில் என்னவோ சொன்னது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அண்ணா, பாபா கத்தம் இல்லே. பாபா இருக்கு" என்றார். சோளக்கார அம்மாவே சிரித்துவிட்டார். நானும்தான்.

எங்கள் கம்பெனியில் மாடியில் அயர்ன் செக்ஷனில் இருக்கிறாராம். இரண்டு வருஷமாக ஒரே இடத்தில் டீ குடிக்கிறோம். நான் முகத்தைப் பார்த்ததில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மகளிடம் கேட்டேன், வேற ஆளென்று எப்போது தெரிந்தது என்று.

"அப்பவே தெரிஞ்சுச்சுப்பா. கையப் புடிச்சதும் அந்த மாமா என்னமோ கேட்டாரு. நீ எப்பவாச்சும் கேப்பியா?"

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மச்சினன் தூங்குகிற மாதிரி இருந்தான்.

பேசாமல் இருப்பது நல்ல குணம் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவள் கையைப் பிடித்தால் எதையாவது கேட்கிறேன். பெரும்பாலும் என்ன சாப்பிட்டாய் என்பதுதான், எனக்கு வேறு கேட்கத் தெரியவில்லை. ஆனால் அவள் பதில் சொன்ன பிறகுதான் அடுத்த அடி வைக்கிறேன்.