ஜெயசித்ரா டீச்சரும் பச்சை பீரோவும்

எங்கள் தொடக்கப் பள்ளியில் இரண்டு ஆசிரியர்களும் ஒரு பீரோவும் உண்டு. மொத்தம் மூன்று பேர் என்றுதான் பிள்ளைகள் சொல்லுவார்கள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கிற பள்ளி. முப்பத்தொரு பிள்ளைகள். நான் கோமதியம்மாள், அங்கே சத்துணவு அமைப்பாளர். பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். அதனால் இந்தக் கூத்தை முதல் நாளிலிருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான்.

தலைமையாசிரியர் லிங்கேஸ்வரன் சார். இன்னொருவர் ஜெயசித்ரா டீச்சர், சாருடைய கூடப்பிறந்த தங்கை. நீளமாக ஒரே அறை, நடுவில் பச்சை இரும்பு பீரோ, அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் தங்கை. ஒன்பது வருஷமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. ஆனால் பள்ளிக்கூடம் நடக்க வேண்டுமே!

“ஏ பீரோவே, நாளைக்கு ஆபீசர் வருதாராம். பதிவேட்டை எடுத்து வைக்கச் சொல்லு” என்பார் சார்.

“பீரோவே, அது அங்கனதான் இருக்கு. கண்ணாடியைப் போட்டுட்டுப் பாக்கச் சொல்லு” என்பார் டீச்சர்.

முதல் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் பீரோவுக்கும் சேர்த்து வணக்கம் வைப்பார்கள். ஒருமுறை ஒரு பிள்ளை ‘மரியாதைக்குரிய பீரோ அவர்களுக்கு’ என்று லீவு லெட்டர் கொண்டு வந்தது. சார் அதைப் படித்துவிட்டு, சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

சண்டைக்குக் காரணம் எண்ணெய். டீச்சரின் மகள் குழல்வாய்மொழிக்கு ஒரு வயதில் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். நல்ல சீசன் நேரம். சார் விடியற்காலையில் அருவிக்குப் போனார். அவர் அருவியைத் தவிர வேறெங்கும் குளிக்க மாட்டார். தண்ணீர் இல்லாத மாதங்களிலும் வரிசையில் நின்று உச்சந்தலையையாவது நனைத்துவிட்டு வருவார். அன்றைக்குத் தலையிலிருந்து கால் வரை எண்ணெய் தேய்த்து முடித்த நேரத்தில் வெள்ளம் வந்து, போலீஸ்காரர்கள் அருவியை மூடிவிட்டார்கள். எண்ணெய் வழிய வழிய வந்து மடி கொடுக்க முடியுமா? குழாய்த் தண்ணீரில் குளிக்கவும் கௌரவம் விடவில்லை. வெள்ளம் வடியட்டும் என்று பாறை ஓரமாக நின்றுகொண்டே இருந்தார்.

இங்கே நல்ல நேரம் முடியப் போகிறது என்று ஆசாரி அவசரப்படுத்தினார். டீச்சரின் மாமியார் அந்தப் பக்கமாகக் கயிறு அவிழ்க்க வந்த பந்தல்காரர் கைலாசத்தைப் பிடித்து உட்கார வைத்து, பிள்ளையை மடியில் போட்டுவிட்டார். சார் தலை துவட்டிக்கொண்டு வந்து பார்த்தபோது, பந்தல்காரர் மடியில் பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. திரும்பிப் போனவர்தான். அதிலிருந்து கைலாசம் வருஷா வருஷம் பொங்கலுக்கு இரண்டு கரும்போடு வந்து, “மருமவ எங்க?” என்று கேட்கிறார். அவரை என்ன சொல்லி அனுப்புவது என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.

இந்த ஏப்ரலோடு சார் ரிட்டயர். மார்ச்சில் ஒருநாள் டீச்சர் சமையல்கூடத்துக்கு வந்தார். தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார்.

“கோமதியக்கா, இன்னும் ஒரு மாசந்தான். அப்புறம் எங்கண்ணன் குரலே என் காதுல விழாது. பீரோகிட்டயாவது பேசுதாங்கள்லா, அதுவும் போயிரும்” என்றார். அழுதார். “நீங்களா ஒரு வார்த்தை பேசுனா என்ன?” என்று கேட்டேன். “ஒன்பது வருஷங்கழிச்சு எந்த வார்த்தையில ஆரம்பிக்க?” என்றார்.

இத்தனைக்கும் ஊர்ப் பிள்ளைகள் சண்டையையெல்லாம் தீர்த்து வைப்பது இவர்தான். கடைசி பீரியடில் கதைப் புத்தகம் வாசிப்பார். சண்டை வருகிற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, “யாரு மேல தப்பு? யாரு முதல்ல பேசணும்?” என்று கேட்பார். ஒவ்வொரு பிள்ளையும் பதில் சொல்லியாக வேண்டும். அப்படிக் கதை கேட்டே கோலிக்காய்க்காகக் காய் விட்டவர்கள் பழம் விட்டிருக்கிறார்கள். தனக்கென்று வரும்போது மட்டும் டீச்சருக்குப் பீரோதான்.

மறுவாரம் வாசித்தது இரண்டு மலைக்குரங்குகளின் கதை. அக்காவும் தங்கையும் சேர்ந்து ஒரு பலாப்பழத்துக்குக் காவல் இருக்கின்றன. அக்கா எங்கேயோ போய்விட்டு வருவதற்குள் தங்கை பழத்தைப் பிளந்துவிடுகிறது. அக்கா கோபித்துக்கொண்டு வேறு மரத்துக்குப் போய்விடுகிறது. டீச்சர் புத்தகத்தை மூடினார்.

ஐந்தாம் வகுப்பு சஃப்ரின் எழுந்தாள். “டீச்சர், இனிமே அதுக எது மூலமா பேசும்? காட்டுல பீரோ கிடையாதுல்லா?”

யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகளுக்கு அது நியாயமான சந்தேகம்.

“தங்கச்சி கொஞ்ச நேரம் காத்திருந்திருக்கணும், டீச்சர். பழம் எங்கயும் ஓடிப் போயிராதுல்லா” என்று அவளே தீர்ப்பும் சொன்னாள்.

அப்போது பீரோவுக்கு அந்தப் பக்கமிருந்து சாரின் குரல் வந்தது. “பீரோவே, அக்காக் குரங்கு அதுவரைக்கும் எங்க போயிருந்துச்சுன்னு யாராவது கேட்டாங்களா?”

“குளிக்கப் போயிருந்துச்சா, சார்?” என்றது மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு குரல். ஊருக்கே தெரிந்த கதைதானே!

அடுத்து எழுந்தவள் டீச்சரின் மகள் குழல்வாய்மொழி. அவளும் ஐந்தாம் வகுப்புதான். “இன்னொரு பழம் வாங்கி முதல்லேருந்து ஆரம்பிச்சா சரியாயிரும், டீச்சர்” என்றவள், கம்மலைத் தொட்டுக்கொண்டே, “எனக்கும் காதுல ரெண்டாவது ஓட்டை குத்தணும். எல்லாரும் குத்தியிருக்காவ” என்றாள்.

டீச்சர் மகளின் காதைப் பார்த்தார். பிறகு பீரோவின் பக்கம் திரும்பினார். “பீரோவே, வார ஞாயித்துக்கிழமை எட்டரைக்குள்ள நல்ல நேரமாம். பிள்ளைக்கு மாமன் மடி வேணுமாம்.”

பீரோ பதில் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க அது வாயே திறக்கவில்லை. டீச்சர் ஒழுங்காகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு டீச்சர் வீட்டுக்கு நான் போனபோது ஆசாரி வந்திருந்தார். கைலாசம் புது வேட்டி கட்டிக்கொண்டு, மடியைத் தட்டிச் சரிசெய்துகொண்டு, பாயில் தயாராக உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. டீச்சர் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எட்டு மணிக்கு லிங்கேஸ்வரன் சார் வந்தார். அன்றைக்கு அவரைப் பார்த்து நான் பயந்தே போனேன். நெற்றியில் திருநீறு இல்லை. தலை பரட்டையாகக் கிடந்தது. நேராகக் கைலாசத்தின் முன்னால் போய் நின்றார். கைலாசம் முனகிக்கொண்டே எழுந்து இடம் விட்டார். சார் உட்கார்ந்து மடியைக் காட்டினார். பத்து வயதுப் பிள்ளை ஏறி உட்கார்ந்ததும் அவருடைய முழங்கால் படீரென்று சத்தம் போட்டது.

டீச்சர் சுற்றிலும் பார்த்தார். சொல்லி அனுப்ப அங்கே பீரோ இல்லை.

“குளிக்கலையா, அண்ணே?”

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“இல்ல, ஏட்டி. அருவியில இப்ப நூல் மாதிரிதான் விழுது. வரிசையில நின்னா நேரமாயிரும்லா” என்றார் சார். வேட்டியில் ஒட்டியிருந்த எதையோ தட்டிவிடுவதுபோலத் தலை குனிந்துகொண்டார்.

டீச்சர் உள்ளே போய் ஒரு துண்டை எடுத்து வந்து அவர் தோளில் போட்டார். “பின்னால குழாய் இருக்கு. குளிச்சிட்டு வாங்க. நாங்க காத்திருக்கோம்.”

சார் மருமகளை மெதுவாக இறக்கி விட்டுவிட்டுக் குழாயடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

நல்ல நேரம் முடியப் போகிறது என்றார் ஆசாரி. இரண்டு தடவை சொன்னார். கைலாசம்கூட அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.