சம்பந்தியோடு பதினெட்டுக் குழி

ஒரு குடும்பத்தைப் பற்றி ஊரே ஒரே மாதிரி நல்லதாகப் பேசினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். என் மகள் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பையனின் வீட்டைப் பற்றி விசாரித்தபோது அப்படித்தான் ஆயிற்று. இருவருக்கும் பெங்களூரில் ஒரே ஆபீசில் வேலை. தாங்களாகவே பேசி முடிவு செய்துவிட்டு, பெரியவர்கள் மேற்கொண்டு பேசட்டும் என்று வந்து நின்றார்கள். வீட்டுக்காரர் உடனே சரி என்றுவிட்டார். மகள் என்னிடம் தனியாக வந்து, "நீ வேண்டாம்னா நான் செய்ய மாட்டேம்மா. ஆனா நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றாள். ஆக, அவள் கல்யாணம் என் ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

பெண் கொடுக்குமுன் விசாரிப்பது எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். சூலூரில் இருக்கிற பையன் வீட்டுப் பக்கத்து மளிகைக் கடை, பால்காரர், இஸ்திரி போடுகிறவர் என்று ஆரம்பித்து, அவர்களோடு சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோன ஒறம்பறைச் சொந்தக்காரர் ஒருவரில் முடிக்க வேண்டும். அந்தக் கடைசி ஆள்தான் முக்கியம். கோபிசெட்டிபாளையத்தில் வரப்புத் தகராறில் அவர்களோடு முகம் கொடுத்துப் பேசாத ஒரு பங்காளியைத் தேடிப் போனேன். வாழைத் தோப்பில் நிறுத்தி வைத்துக் கேட்டேன். அந்த மனுசனும், "நெம்ப நல்ல குடும்பமுங்க. கண்ணை மூடிக்கிட்டுப் பொண்ணு குடுக்கலாமுங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டு நான் கத்தரிக்காய்கூட வாங்கியதில்லை. ஆகாத பங்காளியே நல்லது சொல்கிறார் என்றால் ஊர் சேர்ந்து எதையோ மறைக்கிறது என்றுதான் தோன்றியது.

பையனின் அப்பா கோல்ஃப் ஆடுகிறவர் என்று தெரிந்தது அதற்குப் பிறகுதான். நானும் ஆடுவேன். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப் உதிரிபாகப் பட்டறை நடத்துகிறவளுக்கு கோல்ஃப் எதற்கு என்று என் நாத்தனார் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எங்களிடம் சரக்கு எடுக்கிற ஒருவர் வீட்டுக்காரருக்குப் பரிசாகக் கொடுத்த மட்டைப் பை, கார் ஷெட்டில் தூசி படிந்து கிடந்தது. டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். சும்மா நடந்தால் எனக்கு எரிச்சல் வரும். அதனால் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போய், பந்தைத் திட்டிக்கொண்டே பழகினேன்.

பையனின் அப்பாவே போன் செய்தார். "ஏனுங்க, நீங்களும் ஆடுவீங்களாமா! ஞாயித்துக்கிழமை காத்தால வாங்க, ஒரு ஆட்டம் போடலாமுங்க."

"வாரேனுங்க" என்றேன். காப்பி குடிக்கிற நேரத்துக்கு எவனும் நல்லவனாக நடிக்கலாம். முள்ளுக்குள் பந்தைத் தொலைத்துவிட்டு அரைநாள் வெயிலில் நடக்கும்போது சாயம் வெளுத்துவிடும். அதைப் பார்க்கத்தான் போனேன், ஆட அல்ல.

அது மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிற பெரிய மைதானம். வெளிமாநிலத்து ஆட்டக்காரர்களெல்லாம் வந்து போட்டி போடுகிற இடம். அதை அமைத்தவர்கள் நிலத்தை இடித்துச் சமன் செய்யவில்லை. பாறை இருந்த இடத்தில் பாறை, மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடுகிற பள்ளம் இருந்த இடத்தில் பள்ளம், வேலமரம், பனைமரம் எல்லாம் அப்படியப்படியே. புல்வெளிதான் அவற்றுக்கு ஒதுங்கி வளைந்து போகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு, நன்றாக அடித்த பந்தை அந்தரத்தில் பிடித்து வேறெங்கோ போடும். வருகிறவர்கள் எல்லாம் மலையைப் பார்த்து "ஆஹா" என்பார்கள். எனக்கு அங்கே போன நாள் முதல் எந்தப் புல்லுக்குக் கீழே குழி ஒளிந்திருக்கிறது என்பதுதான் கண்ணில் படும்.

வெள்ளைத் தொப்பி, இஸ்திரி மடிப்புக் கலையாத கால்சட்டை, வாய் நிறைய சிரிப்பு என்று வந்தார். பஞ்சு வியாபாரம் செய்து ஓய்ந்தவர். நன்றாகத்தான் அடித்தார். ஆனால் அடித்து முடித்ததும் இடது கை கால்சட்டைப் பைக்குள் போய்விடும். நடக்கும்போதும் அங்கேதான், பேசும்போதும் அங்கேதான். மூன்றாம் குழிக்குப் போகிற வழியில் அவர் பந்து பள்ளத்துக்குள் விழுந்தது. முள்ளுக்குள் இறங்கினார், கை பைக்குள்ளேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில், "கெடைச்சுதுங்க!" என்று குரல் வந்தது. போய்ப் பார்த்தால் பந்து முள்ளே இல்லாத வெட்டவெளியில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

இந்த வித்தை எனக்குத் தெரியாதா? பையில் ஓட்டை போட்டு வைத்துக்கொண்டு, இன்னொரு பந்தைக் கால்சட்டை வழியாக நழுவ விடுகிற கில்லாடிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். குனிந்து பந்தைப் பார்த்தேன். தன் பந்து என்று அடையாளத்துக்கு அவர் மையில் போட்டிருந்த பச்சைப் புள்ளி அதில் இருந்தது. ஒரே மாதிரி புள்ளி வைத்த பந்துகளைப் பை நிறைய வைத்திருந்தால்? அதற்குப் பிறகு அவர் எந்தப் புதருக்குள் போனாலும் நானும் பின்னாலேயே போனேன்.

"நீங்க ஏனுங்க முள்ளுக்குள்ள வந்து சிரமப்படறீங்க?" என்றார்.

"போச்சாதுங்க, சிரமமொண்ணுமில்லீங்க. ஒரு கைக்கு ரெண்டு கை" என்றேன். அவர் முகம் ஒரு கணம் மாறியது. அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

இன்னொன்றும் நடந்தது. குழிக்குக் குழி யார் ஜெயித்தார்கள் என்று ஆடும்போது ஒரு மரியாதை உண்டு. ஒருவரின் பந்து குழிக்கு மிக அருகில் வந்துவிட்டால், எதிராளி "எடுத்துக்கோங்க" என்பார். அதற்கு மேல் தட்டத் தேவையில்லை, போனதாகவே கணக்கு. இவர் அதை எனக்கு வாரி வழங்கினார். ஒரு முழம் தள்ளி நின்ற பந்துக்கெல்லாம், "எடுத்துக்கோங்க அம்மணி, அது போயிருமுங்க!" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண் எடுக்குமுன் சம்பந்திக்கு ஐஸ் வைக்கிறாரா? இல்லை, திரும்பத் தானும் வாங்கிக்கொள்ளலாம் என்று பார்க்கிறாரா? இரண்டாவதுதான் என்று சீக்கிரமே தெரிந்தது. அவர் பந்து குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றபோது, தட்டாமல் என் முகத்தைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

அன்று முழுக்க நான் அவருக்கு ஒரு முறைகூட "எடுத்துக்கோங்க" சொல்லவில்லை. சாண் தூரம், விரல் தூரம் எல்லாவற்றையும் தட்ட வைத்தேன். அவர் பைக்குள் இருந்து கையை எடுப்பார், மட்டையை இறுக்கிப் பிடிப்பார், மூச்சை அடக்குவார், அவசரமாகத் தட்டுவார். பாதி உள்ளே போகும், பாதி ஓரத்தில் நழுவும். அத்தனை தூரத்தில் இருந்து அழகாக அடிக்கிறவருக்குக் கிட்டத்தில் வந்து கை வராதா? "அடடா, போச்சுங்களே" என்று வாயில் சொன்னேன். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

பாறை மேட்டுக்குப் பக்கத்தில், உயர்ந்த புல்லுக்குள் கிடந்த பந்தின் பின்னால் மட்டையை வைத்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "பந்து அசைஞ்சுபோச்சுங்க. எங்கணக்குல ஒரு அடி சேத்திக்கோங்க" என்றார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன், எதுவும் பார்க்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் இதற்கே பெண்ணைக் கொடுத்திருப்பார்கள். எனக்கோ, யாரும் பார்க்காத ஒன்றை ஒருவர் வலிய வந்து ஒப்புக்கொண்டால், பார்க்கக் கூடாத வேறொன்று இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அது கடைசிக் குழியில் தெரிந்தது. அவர் பந்து குழியின் வாயிலேயே நின்றது. ஊதினால் போய்விடும். நான் வாயைத் திறக்கவில்லை. களைத்துப்போயிருந்தார். மட்டையைப் பிடித்த இடது கை, மாவு சலிக்கிற சல்லடை மாதிரி ஆடியது. மறைக்க வலது கையை அதன் மேல் போட்டு அழுத்தினார். மட்டை பந்துக்குப் பக்கத்தில் தரையைத் தட்டிவிட்டு நின்றது.

"ஏனுங்க, கை நடுங்குதுங்களே?" என்றேன்.

"காப்பி எச்சாக் குடிச்சுட்டனுங்க" என்று சிரித்தார்.

பாதி ஆட்டத்தில் ஓய்வுக்கு உட்கார்ந்தபோது எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு, தனக்கு ஆகாது என்று அவர் மோர்தான் குடித்தார். பச்சைப் பொய். என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். அப்பாடா, பிடித்துவிட்டேன் என்று இருந்தது. சூலூர் வரை, கோபி வரை அலைந்து கிடைக்காதது, கடைசிக் குழியில் கிடைத்துவிட்டது. கார் ஓட்டிக்கொண்டு வரும்போதே மகளிடம் எப்படிச் சொல்வது என்று கோத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். கையைக்கூடக் கழுவாமல் ஆரம்பித்தேன்.

"கண்ணு, அவங்க வேண்டாம். அந்த மனுசனுக்கு என்னமோ சீக்கு இருக்குது, மறைக்கறாங்க. கை என்னமா ஆடுது! கேட்டா காப்பிங்கறார். இன்னைக்குச் சீக்கை மறைக்கறவங்க நாளைக்கு எதை மறைப்பாங்களோ!"

மகள் தட்டில் இருந்து நிமிரவில்லை. "நடுக்கு வாதம்மா. ஆரம்பம்தான், மாத்திரை சாப்பிடறாரு" என்றாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்னைப் பார்த்த முதல் நாளே மாமா சொல்லிட்டாரு. பொண்ணு வீட்டுல அம்மாகிட்டத்தான் முதல்ல சொல்லோணும், நானே வந்து சொல்றேன்னாரு. நான்தான் வேண்டாம்னேன். பேச்சு முடியற வரைக்கும் எங்கம்மாவுக்குத் தெரியவேண்டாம்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன். அவரு பொய் சொன்னாருன்னா எனக்காகச் சொன்னாரும்மா."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"உங்கிட்டச் சொன்னா நீ கேக்க மாட்டேம்மா. விசாரிக்கப் போவே."

வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். "உங்களுக்குத் தெரியுங்களா?" அவர் ரசக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவே பதில். ஊரெல்லாம் தேடிய ரகசியம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், எனக்குத் தெரியாமல், என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கோபம்தான் முதலில் வந்தது. கோபித்துக்கொள்ள ஆள் தேடினேன், கிடைக்கவில்லை. ஒரு விரல் தூரத்துக்கு அந்த மனுசனை மூச்சடக்கித் தட்ட வைத்ததெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. அழுகை வந்தது. முகம் கழுவுகிற சாக்கில் எழுந்து போனேன்.

சாயங்காலம் நானே அவருக்குப் போன் போட்டேன். மகள் வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். "ஏனுங்க, நிச்சயத்துக்கு நல்ல நாளாப் பாருங்க. எங்களுக்குச் சம்மதமுங்க" என்றேன். அந்தப் பக்கம் அவர், "சந்தோசமுங்க, நெம்ப சந்தோசமுங்க" என்றார். மகள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கை நீட்டி, போனை என் காதிலிருந்து எடுத்து, அந்தப் பக்கம் நிஜமாகவே ஆள் இருக்கிறாரா என்று தன் காதில் வைத்துக் கேட்டாள்.