உரியாவின் மனைவிக்கு ஒரு பெயர்

இயேசுவின் மூதாதையர் பட்டியலை வாசிக்க வேண்டும் என்றால் மலாக்காவின் புக்கிட் காத்தில் ஊர்ச் செபக்குழுவில் எல்லாருக்கும் ஒரே நாளில் தொண்டை கட்டிக்கொள்ளும். இந்த வருஷம் அது அன்னம்மா தலையில் விழுந்தது.

“வாசிச்சிட்டு, தியானிச்சு ரெண்டு வார்த்தை சொல்லுங்கக்கா. ஈஸிதான்லா,” என்றார் குழுத்தலைவர் அருள்சாமி. ஈஸி என்றால் நீங்களே செய்யலாமே என்று வாய்வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள்.

ஆயர் குரோ வட்டாரத் தொழிற்சாலை ஒன்றுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வேனைப் பதினாறு வருஷமாக ஓட்டுகிறாள். தியானத்துக்கு அவளுக்குக் கிடைத்தது, தினமும் பிந்தி வரும் அனுசியாவுக்காக அவள் வீட்டு வாசலில் காத்திருக்கும் பத்து நிமிஷம்தான். ஸ்டியரிங்மேல் விவிலியத்தை விரித்துப் படித்தாள். அவர் மகன் இவர், இவர் மகன் அவர். செருபாபேல், அபியூது என்று நாக்கு சுளுக்கிக்கொண்டது. ‘ஆண்டவரே, இதில் எதைத் தியானிப்பது?’

நான்காம் நாள் ஓரிடத்தில் கண் நின்றது. தாவீது அரசருக்குச் சாலமோனைப் பெற்றவள், ‘உரியாவின் மனைவி’. அவ்வளவுதான். தாமாருக்குப் பெயர் உண்டு, ரூத்துக்கு உண்டு, இவளுக்கு இல்லை. அப்போதே அருள்சாமிக்குப் போன் போட்டாள்.

“இதெல்லாம் முக்கியமில்லக்கா. மீட்பர் பொறந்ததுதான் முக்கியம்.”

“பெத்தவ பேரு முக்கியமில்லையா?”

“அக்கா, நான் ஆபீஸ்ல இருக்கேன்.”

எரிச்சலோடு மிச்சத்தைப் படித்தாள். கடைசியில் யோசேப்பு வந்தார். ‘மரியாவின் கணவர்’ என்று எழுதியிருந்தது. இத்தனை ஆண்களுக்குப் பிறகு ஒருவர் மனைவியைக்கொண்டு அறியப்படுகிறார்! கோபத்தின் நடுவிலேயே சிரித்துவிட்டாள். அனுசியா ஏறி, “என்னக்கா, இன்னிக்கு ஏசல?” என்று கேட்டாள்.

செபக்கூட்டத்தன்று அன்னம்மா தடுமாறாமல் வாசித்தாள். அந்த இடம் வந்ததும், “உரியாவின் மனைவி பத்சேபா,” என்றாள்.

அருள்சாமி நிமிர்ந்தார். “புத்தகத்துல அந்தப் பேரு இல்லையேக்கா.”

“இல்லதான். அதனாலதான் நான் சொல்றேன்.”

தியானமாக மரியாவின் கணவரைப் பற்றிச் சொன்னாள். பெண்கள் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அருள்சாமி கடிகாரத்தைப் பார்த்து, சுருக்கமாகச் செபிக்கச் சொன்னார்.

அன்னம்மா கண்ணை மூடினாள். “ஆண்டவரே, எனக்கு இன்னும் கோவம் போகல. போகாமலே உம்மகிட்ட வந்திருக்கேன். ஏத்துக்கும்.”

‘ஆமென்’ சத்தமாக வந்தது, பெண்கள் பக்கத்திலிருந்து.