மின்மினி பார்க்கப் போனால் சுவிட்சைத் தொடாதீர்கள்

போன மே மாதக் கடைசியில், மழை இறங்குவதற்குச் சில நாள் முன்பு, நானும் என் மனைவி சரஸ்வதியும் சித்திரபுரம் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்தோம். மின்மினிப் பூச்சி பார்க்க. எங்கள் ஊர் பெருமாட்டி. எங்கள் தென்னந்தோப்பு வாய்க்கால் ஓரத்திலேயே முன்பெல்லாம் மின்மினி மொய்க்கும். இப்போது ஒன்றுகூட இல்லை. மருந்து அடிப்பதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். "ஏனுங்க, ஒருக்கா கண்ணுல பாத்துட்டு வந்தரலாமுங்க" என்று சரஸ்வதி இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு முட்டி வலி, அலுப்பு. இருந்தாலும் கிளம்பினேன்.

காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறினோம். பொள்ளாச்சியில் ஒரு மாற்றம், உடுமலைப்பேட்டையில் இன்னொன்று. பிறகு சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு. மொத்தம் நூற்று முப்பது கிலோமீட்டருக்கு மேல். அதில் பாதி வளைவுகள்தான். மறையூர் தாண்டியதும் சரஸ்வதி எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். இறங்கும்போது இரண்டு பேருக்கும் பேசக்கூடத் தெம்பில்லை.

நாங்கள் தங்கப்போகும் ஹோம்ஸ்டேயின் சொந்தக்காரர் முருகன், மூணாறுக்கு ஜீப் கொண்டு வந்திருந்தார். வாடகை அறுநூறு ரூபாய். அவரும் அவர் மனைவி செல்வியும் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள். தேயிலை வேலையை விட்டுவிட்டு மூன்று அறை கட்டி, ஆள் தங்கவைக்கிறார்கள். வண்டி சித்திரபுரத்தை நெருங்கும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"வீட்டு முன்னாடி ரெண்டு சுவிட்ச் இருக்கும் அண்ணாச்சி. செவப்பு டேப் ஒட்டுனத மட்டும் தொட்றாதீக."

ஏன் என்று கேட்டேன்.

விஷயம் இதுதான். வீட்டுக்குக் கீழே உள்ள ஓடையில் மின்மினி கூடும் என்பதால்தான் அங்கே ஆட்களே வருகிறார்கள். அதற்கு முந்தின வருடம் இவர்கள், கரண்டு கம்மியாகத் தின்னும் என்று வெள்ளை எல்இடி ஃபோகஸ் விளக்குகளைச் சுற்றிலும் மாட்டினார்கள். கம்மிதானே என்று எண்ணிக்கையைக் கூட்டினார்கள், ராத்திரி முழுக்க எரியவிட்டார்கள். ஓடை பகலாகிவிட்டது. மின்மினி மினுக்குவதே ஜோடியைக் கூப்பிடத்தான். அந்த வெளிச்சத்தில் ஒன்றை ஒன்று எப்படிப் பார்க்கும்? பூச்சி இல்லை. வந்தவர்கள் ஏமாற்று வேலை என்று இணையத்தில் எழுதிவிட்டுப் போனார்கள்.

"இந்த சீசனும் போச்சுன்னா வீட்டப் பூட்டிட்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான்" என்றார் முருகன்.

எனக்கு என் தோப்பு நினைவுக்கு வந்தது. காட்டுப் பன்றிக்காக என் தோப்பிலும் இரண்டு வருடமாக ஆறு வெள்ளை ஃபோகஸ் விடிய விடிய எரிகிறது. பன்றி அந்த வெளிச்சத்திலேயே வந்து குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, தோண்டித் தின்கிறது. பாவம், மருந்தின் மேல் பழியைப் போட்டிருக்கிறேன்.

வீட்டில் சரஸ்வதி நேராக அறைக்குப் போய்ப் படுத்துவிட்டாள். செல்வி எனக்கு எல்லாவற்றையும் காட்டினார். பழைய விளக்குகளைக் கழற்றிவிட்டு, முழங்கால் உயரத்தில் மஞ்சள் எல்இடி. மேலே மூடி போட்டிருப்பதால் வெளிச்சம் தரையைத் தாண்டாது. ஆள் நடந்தால் எரியும், போனால் அணைந்துவிடும். ஒரே ஒரு வெள்ளை ஃபோகஸ் மட்டும் கேட்டருகே இருந்தது. யானை வந்தால் போடுவதற்கு; அது எரிந்தால் கீழே லயத்துக்கும் யானை என்று தெரிந்துவிடும். அதன் சுவிட்சில்தான் சிவப்பு டேப்.

"நாளைக்கு மூணு ரூமுக்கும் ஆள் வாறாக. இன்னைக்குப் பூச்சி வந்தாத்தான் அண்ணாச்சி, நாளைக்கு நான் வாயைத் தொறக்க முடியும்" என்றார் செல்வி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கை சேலை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது.

நான் அறைக்குப் போய்க் காலை நீட்டினேன். சரஸ்வதியிடம் சுவிட்ச் சமாச்சாரத்தைச் சொல்ல அலுப்பில் மறந்தே போனது. ஜீப்பில் அவள் தூங்கிக்கொண்டு வந்தாள்.

பொழுது இறங்கியது. எங்கள் வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்தில் வாசல் இருட்டாக இருக்கக்கூடாது. முகம் கழுவிக் குங்குமம் வைத்துக்கொண்டு வெளியே போன சரஸ்வதி, வாசல் கும்மென்று இருட்டிக் கிடப்பதைப் பார்த்து, கைக்குப் பட்ட சுவிட்சைத் தட்டிவிட்டாள்.

அவ்வளவுதான். கீழே லயத்தில் "ஆனை! ஆனை!" என்று ஒரே சத்தம். தகரம் தட்டுகிறார்கள், தட்டைத் தட்டுகிறார்கள். வீட்டுக்கு வீடு விளக்கு எரிந்து மலைச்சரிவே வெளுத்துவிட்டது. யாரோ ஒருவர் பட்டாசு வேறு வெடித்தார். செல்வி ஓடி வந்து சுவிட்சை அணைத்துவிட்டு, சரிவைப் பார்த்துக் கத்தினார்: "ஆனை இல்ல! விருந்தாளி போட்டுட்டாக! லைட்ட அமத்துங்க!"

"ஐயோ, தெரியாமப் போட்டுட்டனுங்க" என்றாள் சரஸ்வதி.

செல்வி திட்டவில்லை. "வெளக்கு வைக்கணும்னா உள்ள சாமிகிட்ட வைங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் கெடுக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?

கீழே விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. முருகனும் வந்து சேர, நாலு பேரும் படியிலேயே உட்கார்ந்திருந்தோம். பஸ் அலுப்பில் நான் தூங்கிவிழ ஆரம்பித்தபோது சரஸ்வதி என் முழங்கையைக் கிள்ளினாள். ஓடையில் ஒரு பொட்டு மினுக்கியது. அப்புறம் மூன்று. அப்புறம் ஒரு செடி முழுக்க. தேயிலை ஃபாக்டரியில் ஷிப்ட் முடிந்த பெண் ஒருத்தி ஒற்றையடிப் பாதையில் வந்தாள். அவள் காலடியில் மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தது, பூச்சிகள் தம் பாட்டுக்கு மினுக்கிக்கொண்டிருந்தன.

"வந்துருச்சுக" என்றார் செல்வி. பிறகு சத்தமாகவே அழுதார்.

போக நினைப்பவர்களுக்கு: மே மாதம், முதல் மழைக்கு முன்பு போங்கள். யானை நடமாடும் காட்டுவழி, சின்னாறு செக்போஸ்ட்டைப் பகலிலேயே தாண்டிவிடுங்கள். செல்போன் டார்ச் வேண்டாம். வெளி விளக்கு மாற்றுவதாக இருந்தால் எல்இடி நல்லதுதான். சித்திரபுரத்துக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் என்ற ஊரின் சரிவில், நீர்மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறக்கும் பெரிய குழாய்களைப் பார்த்தால், ஒரு யூனிட் மிச்சம் என்பது கொஞ்சம் தண்ணீர் மிச்சம் என்று புரியும். ஆனால் கம்மிதானே என்று பத்து விளக்கு மாட்டினால் மிச்சமும் போச்சு, இருட்டும் போச்சு. தங்குகிற இடத்தில் எந்த சுவிட்ச் எதற்கு என்பதை, கூட வந்தவரிடமும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

மழை பிடிக்கும்வரை செல்விக்கு ஆள் இருந்ததாம். திருப்பூர்ப் பேச்சு இப்போதைக்கு இல்லை. நான் ஆறு ஃபோகஸையும் இறக்கிவிட்டேன். கிழங்குக் காட்டுப் பக்கம் மட்டும், ஆள் நடந்தால் எரிகிற மஞ்சள் விளக்கு இரண்டு. சரஸ்வதி இப்போது பொழுது இறங்கியதும் சாமியிடம் விளக்கு வைத்துவிட்டு, வாசல் சுவிட்சைத் தொடாமல் வாய்க்கால் ஓரம் போய் நிற்கிறாள். இதுவரை ஒன்றும் வரவில்லை. "வருமுங்க" என்கிறாள். முட்டி வலியோடு நானும் பக்கத்தில் போய் நிற்கிறேன்.