மரியாதை தெரிந்த பிள்ளை

மிஷனெரி என்றாலே தொப்பி போட்ட வெள்ளைக்காரர்தான் நம் ஆட்களுக்கு ஞாபகம் வரும். இலங்கை மலைநாட்டில் டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக் காம்பராவில் பிறந்த ஞானசுந்தரி மிஷனெரியாகப் போனாள் என்றால் இன்றைக்கும் சிலர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நர்ஸ் வேலை படித்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த யோபுவைக் கட்டிக்கொண்டு, இருவருமாகத் தெலுங்கு நாட்டில் கோதாவரி ஓரத்துக் காட்டு ஊர் ஒன்றுக்குப் போனார்கள். காய்ச்சல்காரர்களுக்கு மருந்து கொடுப்பதும், பெற்றவர்கள் இல்லாத பிள்ளைகளை வைத்து வளர்ப்பதும் அங்கே அவர்கள் ஊழியம்.

அந்தக் காட்டுக் காய்ச்சல் ஊழியக்காரர் பிள்ளை என்று தயவு பார்க்கவில்லை. மகள் எப்சிபாவை இரண்டு முறை படுக்கையில் தள்ளியது. இன்னொரு முறை வந்தால் பிள்ளை தாங்காது, குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞானசுந்தரிக்குத் தெரிந்த குளிர்ந்த இடம் ஒன்றுதான். மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறி வந்து, அக்காள் பேச்சியம்மாவின் மடியில் போட்டுவிட்டு, அழுது வீங்கிய முகத்தோடு திரும்பிப் போனாள்.

குடும்பம் வேதத்தில் சேருவதற்கு முன்னால் பிறந்தவள் பேச்சியம்மா. ஞானஸ்நானத்தில் அவளுக்கு வைத்த பெயர் பாதிரியாரைத் தவிர வேறு யாருக்கும் நினைவில் இல்லை. கொழுந்து எடுக்கிறவள், பிள்ளை இல்லாதவள், வாய் கொஞ்சம் நீளம். அவளும் அவள் புருஷன் சின்னராசாவும் எப்சிபாவைத் தரையில் விடாமல் வளர்த்தார்கள்.

ஐந்து வருஷம் கழித்து, மிஷனெரிகளுக்குக் கொடுக்கிற ஒரு வருஷ விடுப்பு யோபுவுக்கும் ஞானசுந்தரிக்கும் கிடைத்தது. தகவல் வந்த நாளிலிருந்து பேச்சியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். எப்சிபாவுக்கு மரியாதை பழக்கினாள். அம்மா வந்தால் எழுந்து நிற்கணும், வாங்க என்று சொல்லணும், உட்காருங்க என்று சொல்லணும், நாலு தேசம் பார்த்தவள் முன்னால் லயத்துப் பிள்ளை மாதிரி நடந்து மானத்தை வாங்கக் கூடாது. ஒவ்வொரு சாயங்காலமும் பேச்சியம்மா வாசலுக்கு வெளியே போய், ஞானசுந்தரியாக உள்ளே நுழைந்து காட்டுவாள். பிள்ளை எழுந்து நின்று சொல்லிப் பழகும்.

உண்மையான ஞானசுந்தரி அந்த வாசலில் வந்து நின்றபோது, வழியெல்லாம் மனசுக்குள் கட்டி அணைத்துக்கொண்டே வந்த பிள்ளை, கை கட்டி எழுந்து நின்றது.

"வாங்கம்மா. உட்காருங்க. பிரயாணமெல்லாம் நல்லா இருந்திச்சிங்களா?"

கூடியிருந்தவர்கள் மெச்சிப் போனார்கள். ஞானசுந்தரி சிரித்தாள். அந்தச் சிரிப்பை முகத்தில் நிறுத்தி வைக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

நம் பக்கத்தில் அப்பாவை நீங்க என்பார்கள், மாமாவை நீங்க என்பார்கள். பெற்றவளை எந்தப் பிள்ளை நீங்க என்றது? பசித்தால் 'சோறு போடு', கோபம் வந்தால் 'போ' என்பதுதானே வழக்கம். பெரியம்மாவிடம் எப்சிபா அப்படித்தான் பேசினாள். "பெரியம்மா, நீ வந்து தல சீவி விடு" என்று முதுகில் தொங்குவாள். அந்தப் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்பாள். சாயங்கால ஜெபத்தில், பக்கத்திலேயே முழங்காலில் நிற்கிற தாயை வைத்துக்கொண்டு, "தூரதேசத்தில இருக்கிற அப்பா அம்மாவக் காத்துக்கொள்ளும், சாமி" என்று பழைய ஜெபத்தையே சொன்னாள். யோபுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஞானசுந்தரிக்கு வரவில்லை.

இந்த ஒரு வருஷத்துக்குள் மகள் வாயால் ஒரு 'நீ' வாங்கிவிட வேண்டும். அதுதான் அவளுடைய ஆசை. ஊழியத்துக்கு வேண்டியதையெல்லாம் வெளிப்படையாக ஜெபத்தில் கேட்கிறவள், இதை மட்டும் வெட்கப்பட்டு மனசுக்குள் கேட்டாள்.

ஆனால் விடுப்பு என்பது பெயருக்குத்தான். ஞாயிறு தவறாமல் ஏதாவது ஒரு தோட்டத்துக் கோயிலில் கூட்டம். ஒரு வாரம் வட்டகொடை, மறு வாரம் கொத்மலைப் பக்கம். ஊழியத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஞானசுந்தரி நன்றாகப் பேசுவாள். ஒருநாள் வட்டகொடைக் கூட்டத்தில், அங்கே தான் வளர்க்கிற பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். காலையில் வரிசையாக உட்காரவைத்துத் தலை சீவி விடுவதையும், இடி இடித்தால் எல்லாம் ஓடிவந்து தன் புடவைக்குள் ஒளிவதையும், அத்தனை பேரும் தன்னை அம்மா என்று கூப்பிடுவதையும் சொன்னாள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் பேச்சியம்மா சீவிவிட்ட இரட்டைச் சடையோடு எப்சிபா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வரும் ரயிலில் அவள் கேட்டாள்:

"அந்தப் புள்ளைங்கள்லாம் உங்கள நீங்கன்னு கூப்புடுமா, நீன்னு கூப்புடுமா?"

"நீன்னுதான்டி கண்ணு."

பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. அன்றைக்குச் சொன்ன பதிலை நினைத்து ஞானசுந்தரி பல நாள் நொந்துபோனாள்.

செய்த காரியம் பேச்சியம்மாவுக்கு மெல்லத்தான் உறைத்தது. உறைத்ததும் தன் பாணியில் அதைச் சரிசெய்யக் கிளம்பினாள். "பெத்தவள என்னடி நீங்க? அவ என்ன பெரிய கங்காணி சம்சாரமா? நீன்னு சொல்லு" என்று பிள்ளையை அதட்டினாள். எப்சிபா திருதிருவென்று விழித்து, "நீ... நீங்க..." என்று தடுமாறி அழுதுவிட்டாள். அதட்டி வாங்கினால் அது எனக்கு வேண்டாம் அக்கா என்று ஞானசுந்தரி தடுத்துவிட்டாள். அன்றைக்கு அடுப்படியில் அக்காள் தங்கை இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ரொட்டி சுட்டார்கள்.

வருஷம் ஓடிவிட்டது. தங்கிவிடலாமா என்று ஞானசுந்தரி யோசிக்காமல் இல்லை. யோபுவும், நீ இருந்துவிட்டால் நான் மனஸ்தாபப்பட மாட்டேன் என்றுதான் சொன்னார். ஆனால் பிரஜா உரிமைச் சட்டம் வந்து, தோட்டத்து ஆட்கள் இந்த நாட்டுக்காரர்களே இல்லை என்று ஆன பிறகு நம் ஆட்களின் கதி என்ன? தொப்புள் கொடி புதைத்த தோட்டத்தில் இருப்பதற்கு அவளுக்கு ஒரு வருஷ விசாதான். அதற்கு மேல் ஒருநாள் இருந்தாலும் குற்றம். பிள்ளையைக் கொண்டுபோனால் காய்ச்சல். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டார்கள்.

கிறிஸ்து பிறப்பு நத்தார்ப் பண்டிகை முடிந்து புறப்பட்டார்கள். அட்டன் ஸ்டேஷனில் நல்ல பனி. எப்சிபா புதுச் சட்டை போட்டுக்கொண்டு பெரியம்மாவின் கையைப் பிடித்து நின்றாள். ஞானசுந்தரி குனிந்து முத்தம் கொடுத்தாள்.

"போயிட்டு வாங்கம்மா. ஒடம்பப் பாத்துக்குங்க" என்றாள் பிள்ளை. இதையும் யாரோ பழக்கித்தான் இருந்தார்கள்.

வருஷம் முழுக்கக் காத்திருந்தும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு ஞானசுந்தரி பெட்டியில் ஏறி உட்கார்ந்தாள். விசில் ஊதியது. ரயில் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது.

எப்சிபா பெரியம்மாவின் கையை உதறிவிட்டு ஜன்னலோடு ஓடிவந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"போ. நீ போ. அந்தப் புள்ளைங்களுக்கே தல சீவி விடு. நீ வர வேணாம், போ."

பேச்சியம்மா பதறிப்போய் ஓடிவந்து அவளைப் பிடித்தாள். அம்மாவிடம் பேசுகிற பேச்சா இது என்று அடிக்கக் கையை ஓங்கினாள். ஞானசுந்தரி ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்தினாள்:

"அக்கா, அடிக்காத. அவ அப்படியே சொல்லட்டும்."

ரொசெல்லை ஸ்டேஷன் போய், வட்டவளையும் போய்விட்டது. ஞானசுந்தரியின் அழுகை நிற்கவில்லை. ரயில் புறப்படும்போது மறு ஜன்னலில் பெட்டி படுக்கையோடு மல்லாடிக்கொண்டிருந்த யோபுவுக்கு ஒன்றும் காதில் விழுந்திருக்கவில்லை. பிள்ளை கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்.

"என்னைய வர வேணாம்னு சொல்லிட்டா" என்றவள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீன்னு சொன்னா."