செமிகோலன் விசையில் கருப்பு சுவிட்ச்

அரக்கோணம் ரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவரே, என் மனைவியின் வேலைக்கு உலை வைத்தது நீங்கள்தான்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

வாசகர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி ஸ்டெல்லா எங்கள் ஊர் மலையடிவாரத்தில் ஒரு டி.டி.பி. சென்டரில் தமிழ் டைப் அடிக்கிறாள். அங்கிருக்கும் ரப்பர் கீபோர்டை அழுத்துவது ஊறிப்போன இட்லியை அழுத்துவது மாதிரி. எழுத்து விழுந்ததா, இல்லையா? விரலுக்குத் தெரியாது. அதனால் தொண்ணூறுகளில் வாங்கிய எங்கள் வீட்டு கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போனாள். செங்கல் கனம். ஒவ்வொரு விசைக்கும் அடியில் நீல சுவிட்ச். பாதி அழுத்தும்போதே 'டிக்' — எழுத்து விழுந்தாயிற்று, விரலை எடுக்கலாம்.

போன மாதம் அதில் ஒரு எழுத்து செத்துப்போனது. உங்களிடம் கொடுத்தோம். மறுநாளே சரியாகி வந்தது.

அதற்குப் பிறகுதான் தொல்லை. புள்ளிகள் சரியாக விழவில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரிலேயே புள்ளி இல்லை. மொத்தத்தையும் திரும்ப அச்சடிக்க வேண்டியதாயிற்று. "கண்ண டெஸ்ட் பண்ணிகினு வாங்க மேடம்" என்றாராம் சென்டர் முதலாளி. அடுத்த பத்திரிகையும் அப்படியே போக, வேறு ஆள் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா கீபோர்டை என் முன்னால் வைத்தாள். "என்னங்க, கண்ண மூடிகினு இந்த வரிசைல தட்டிகினே வாங்க."

டிக், டிக், டிக்... சுண்டுவிரலுக்கு வந்ததும் ஒரு விசை மட்டும் ஊமை. கனமாக, நேராக, அடிவரை இறங்கியது. மூடியைப் பிடுங்கினேன். உள்ளே கருப்பு சுவிட்ச். மற்ற விசைகளுக்குப் போதுகிற அழுத்தம் இதற்குப் போதவில்லை. அதுவும் இருக்கிற விரல்களிலேயே வலுவில்லாத விரலுக்கு!

உங்களிடம் வந்து கேட்டேன். நீங்களும் மறைக்கவில்லை. அந்த விசையில் இருந்த நீல சுவிட்சைக் கழற்றிச் செத்த எழுத்துக்குப் போட்டிருக்கிறீர்கள். காலியான இடத்துக்குக் காயலாங்கடைக்குப் போகவேண்டிய கீபோர்டிலிருந்து ஒரு கருப்பு. "செமிகோலன் சார் அது. அத யாரு தட்டப் போறாங்க?"

பழைய டைப்ரைட்டர் முறைத் தமிழ் டைப்பில் அந்த விசைதான் புள்ளி. ஒரு வரிக்கு எத்தனை வருகிறது என்று இந்த வரியிலேயே எண்ணிக்கொள்ளுங்கள்.

நீலத்தையே திரும்பப் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள். சரி. ஆனால் சென்டர் முதலாளி நம்பவில்லை. "கீபோர்டு தப்பு பண்ணுதுன்னு இப்ப கத கட்டிகினு வர்றீங்களா சார்?" என்று என்னையே கேட்டார். மெஷின் கெட்டால் முதலில் விரலைத்தானே சந்தேகப்படுகிறோம்? ஒரு வார்த்தை நீங்கள் வந்து சொல்லுங்கள் என்று உங்களைக் கூப்பிட்டேன்.

"எம்பேரு கெட்டுடும் சார், உட்டுடுங்க."

ஸ்டெல்லா பேர் மட்டும் கெடலாமா?

சென்டருக்கு இன்னும் வேறு ஆள் கிடைக்கவில்லையாம். சனிக்கிழமைக்குள் அங்கே போங்கள். முதலாளி முன்னால், வந்திருக்கும் கஸ்டமர்கள் காதிலும் விழுகிற மாதிரி சொல்லுங்கள் — அந்த சுவிட்சை மாற்றியது யார்?