மூன்றாவது மாடியில் ஏழாம் வகுப்பு

தோற்ற வழக்குதான் வக்கீலின் தூக்கத்தைக் கெடுக்கும் என்பார்கள். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குப் பள்ளியில் இடம் கேட்டு அலையும் என் போன்றவர்களுக்கு ஜெயித்த வழக்கும் கெடுக்கும். மயிலாப்பூரில் அலுவலகம் போட்டு இத்தனை வருடமாக இதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பள்ளி பள்ளியாக ஏறி இறங்கியவர்களே, இதெல்லாம் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

முயற்சி

நான் ஜூனியராக இருந்தபோது கையில் இருந்தது 1995-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஒன்றுதான். இந்தக் குழந்தைகளைச் சாதாரணப் பள்ளிகளில் சேர்க்க முயற்சி செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரி. அதை நம்பி, காது கேளாத மகளோடு வந்த ஓர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மந்தைவெளியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றுக்குப் போனேன். உதட்டசைவைப் பார்த்தே அந்தக் குழந்தைக்குப் பேச்சு புரியும். டீச்சர் கரும்பலகையைப் பார்த்துப் பேசாமல் இவளைப் பார்த்துப் பேசினால் போதும். நாங்கள் கேட்டது அவ்வளவுதான்.

தலைமை ஆசிரியர் காபி வரவழைத்தார். சட்டத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். குழந்தை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் அதற்கும் புரிந்தது. "முயற்சின்னுதானே போட்டிருக்கு மேடம்? பண்ணிப் பார்த்தோம், முடியலைன்னு வெச்சுக்குங்களேன்."

விரும்பினால்

2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. பிறகு அதில் ஒரு திருத்தம்: கடுமையான குறைபாடு உள்ள குழந்தைகள் விரும்பினால் வீட்டிலிருந்தே படிக்கலாம். அதில் 'விரும்பினால்' என்பதை மட்டும் தி. நகரில் ஒரு பள்ளி வசதியாக விழுங்கிவிட்டது.

ஜமீலாவுக்கு மூளை முடக்குவாதம். பேச்சு குழறும், கணக்கு அபாரமாக வரும். அப்பா காதர் பாய், பாண்டி பஜார் பக்கம் தையல்காரர். பல வருடம் வீட்டிலேயே இருந்தவளைக் கல்வி உரிமைச் சட்டம் வந்தபின் சேர்த்துக்கொண்ட பள்ளி, மற்ற பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள் என்று இந்தத் திருத்தத்தைக் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. வாரம் ஒரு முறை ஒரு டீச்சர் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் காலையில் யூனிஃபார்ம் போட்டுவிடச் சொல்லி ஜமீலா அழுவாளாம்.

வழக்குப் போடலாம் என்று நான் சொன்னதற்குக் காதர் பாய் தலையாட்டினார். மறுநாள் வந்து வேண்டாம் என்றார். மூத்த மகள் அதே பள்ளியில் பத்தாவது. அவளை என்ன செய்வார்களோ என்ற பயம். எழுந்து வாசல் வரை போனவர் நின்று திரும்பினார். "வூட்லயே இருன்னு சொல்றதுக்கு ஒரு சட்டமா மேடம்? அது வர்றதுக்கு முன்னாடியும் எம்பொண்ணு வூட்லதானே இருந்துச்சு."

சீனியர்

பள்ளிகளுக்காக வழக்கமாக ஆஜராகும் சீனியர் ஒருவர் இருந்தார். ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தையைச் சேர்க்க மறுத்த பள்ளிக்காக வாதாடி, என்னைத் தோற்கடித்தவர். வருடங்கள் கழித்து ஒருநாள் என் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகள் வயிற்றுப் பேரனுக்கும் ஆட்டிசம்.

தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "நான் வாங்கின தீர்ப்பையே எடுத்து நீட்டறாம்மா, இடமில்லேன்னு. அன்னிக்கு நீ இன்னும் கொஞ்சம் அழுத்தி வாதாடியிருக்கப்படாதோ?"

மூன்றாவது மாடி

2016-இல் வந்த புதிய மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் முயற்சி கியற்சி என்ற பேச்சே இல்லை. சேர்க்க மறுக்கக் கூடாது, கட்டடம் பிள்ளைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தைரியத்தில் சாந்தோம் ஸ்டெல்லாவின் வழக்கை எடுத்தேன்.

அவர் மகன் ஜெரினுக்குத் தசைச் சிதைவு நோய், சக்கர நாற்காலி. படித்தது அடையாறில். ஆறாம் வகுப்பு வரை கீழ்த்தளம். ஏழாம் வகுப்பு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அவன் அப்பா தினமும் தூக்கிக்கொண்டு ஏறினார், அவர் இடுப்பு விட்டுப்போகும் வரை. வகுப்பைக் கீழே இறக்குங்கள் என்று கேட்டோம். மாற்றுத்திறனாளிகள் ஆணையரும் அப்படியே உத்தரவு போட்டார். பள்ளி என்ன செய்தது தெரியுமா? கீழே விளையாட்டுச் சாமான்கள் போட்டிருந்த அறையில் ஒரு மேசை போட்டு அவனை மட்டும் உட்கார வைத்தது.

மறுபடி ஆணையரிடம் போனோம். இரண்டாவது உத்தரவு வருவதற்குள் ஜெரின் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டான். இந்த முறை வகுப்பு மொத்தமும் கீழே இறங்கியது. நடு வரிசையில் உட்கார்ந்து அரட்டை அடித்து, டீச்சரிடம் திட்டு வாங்கினான். அதை ஸ்டெல்லா போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தக் குடும்பத்தில் நான் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

மழைக்காலத்தில் அவனுக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து அவன் திரும்பவில்லை.

கல்லறையில் மண் காய்வதற்குள் பள்ளி முதல்வர் எனக்குப் போன் செய்தார். மிகவும் வருந்துவதாகச் சொன்னார். அந்த அறை கம்ப்யூட்டர் லேபுக்கு வேண்டியிருக்கிறது, வகுப்பை மேலே மாற்றிக்கொள்ள அம்மாவுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். கேட்கவே வாய் கூசியது. ஆனாலும் ஸ்டெல்லாவிடம் கேட்டேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "கீழயே இருக்கட்டும் மேடம். அடுத்த பிள்ளை வரும்போது, திரும்ப முதல்லேர்ந்து கேஸ் நடத்த அந்த அம்மாவுக்குத் தெம்பு இருக்குமோ என்னவோ."

சட்டங்கள் ஒன்றைவிட ஒன்று நன்றாகத்தான் வருகின்றன. பிள்ளைகள்தான் அவை வந்து சேரும்வரை பிள்ளைகளாகவே இருக்கமாட்டேன் என்கிறார்கள்.